1978 - ஒரு பட்டியலும் சில சரிக்கட்டுப் பதிவுகளும்

பட்டியல் போடுவது ஒரு வியாதி. எனக்கு அது பத்தாவது படிக்கும்போதே தொற்றிக்கொண்டது. பிடித்த பாட்டு பத்து, பிடித்த கிரிக்கெட் மேட்ச் பத்து, பிடிக்காத வாத்தியார் பத்து (இது மட்டும் கிழித்துப் போடப்பட்டது). கல்லூரியில் சேர்ந்த புதுசில், காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று எழுதினேன். "1978 - எனக்குப் பிடித்த பத்து தமிழ்ப் படங்கள்".

நான் பிறப்பதற்கு இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் முந்தைய ஆண்டு அது. அப்புறம் ஏன் 1978 என்று கேட்பீர்கள். ரஜினி, கமல், ஸ்ரீதேவி, ஷோபா, ஸ்ரீப்ரியா, இளையராஜா, பாரதிராஜா, மகேந்திரன், பாலு மகேந்திரா, ருத்ரய்யா... இவ்வளவு பேரும் ஒரே வருஷத்தில் நம்மூர் சினிமாவில் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒரே கிளாஸில் இத்தனை பேர் படித்தது மாதிரி. அந்த கிளாஸ் போட்டோவைப் பார்த்து ரேங்க் போட ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல் இது:

1. முள்ளும் மலரும்
2. சிகப்பு ரோஜாக்கள்
3. பைரவி
4. ப்ரியா
5. இளமை ஊஞ்சலாடுகிறது
6. கிழக்கே போகும் ரயில்
7. தப்புத் தாளங்கள்
8. தியாகம்
9. அவள் அப்படித்தான்
10. மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்

ஒன்பதாவது படத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு வேறு. "நாயகி ரொம்பக் குழப்பம். ஓடவில்லை." அன்றைக்கு என்ன ஒரு தன்னம்பிக்கை!

இந்த வருஷம் நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட எடுத்தபோது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. படித்துவிட்டு எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கணக்குப் பதிவியலில் வருஷக் கடைசியில் சரிக்கட்டுப் பதிவுகள் என்று போடுவோம் இல்லையா? கணக்கை அழித்து எழுதக்கூடாது. எழுதியது அப்படியே இருக்கும், தவறைத் தனியாகத் திருத்திக் காட்டவேண்டும். அதைத்தான் இங்கே செய்யப்போகிறேன்.

முதலில் அந்த வருஷம் என்ன வருஷம் என்று பார்த்துவிடலாம்.

1977 ஜூன் 30 ஆம் தேதி எம்.ஜி.ஆர். முதலமைச்சராகப் பதவியேற்றார். அவர் நடித்து முடித்து வைத்திருந்த கடைசிப் படமான மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் 1978 பொங்கலுக்கு வெளியானது. இயக்கமும் அவரேதான். முப்பது வருஷம் தமிழ் சினிமாவின் ஒரு பாதியைத் தோளில் வைத்திருந்தவர் அன்றோடு அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டார். இன்னொரு பாதியைச் சுமந்த சிவாஜிக்கு அந்த வருஷம் அக்டோபர் 1 அன்று ஐம்பது வயது நிறைந்தது. அவர் ஓயவில்லை. அந்தமான் காதலி, தியாகம், ஜெனரல் சக்கரவர்த்தி, பைலட் பிரேம்நாத் என்று வரிசையாக வந்துகொண்டுதான் இருந்தார். ஆனாலும் முன்னால் ஒரு பெரிய வெற்றிடம் திறந்துவிட்டது.

அந்த இடத்துக்குள் யார் நுழைந்தார்கள் என்பதுதான் 1978 இன் கதை. 1976 இல் அன்னக்கிளி மூலம் இளையராஜா வந்தார். 1977 இல் 16 வயதினிலே மூலம் பாரதிராஜா ஸ்டுடியோ செட்டை விட்டு கேமராவை வயக்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கதவு திறந்துவிட்டது. அடுத்த வருஷம் கூட்டமே உள்ளே வந்தது. 1978 ஆகஸ்ட் 10 அன்று கிழக்கே போகும் ரயில். ஐந்தே நாள் கழித்து ஆகஸ்ட் 15 அன்று முள்ளும் மலரும். அக்டோபர் 28 அன்று சிகப்பு ரோஜாக்கள். அக்டோபர் 30 தீபாவளிக்கு அவள் அப்படித்தான், தப்புத் தாளங்கள், பைலட் பிரேம்நாத் எல்லாம் ஒன்றாக. இன்றைக்கு ஒரு பண்டிகைக்கு இரண்டு படம் வந்தாலே சண்டை போடுகிறோம்.

சரி, இப்போது என் தவறுகளுக்கு வருகிறேன்.

முதல் தவறு: முடிவைத் தெரிந்துகொண்டு பரீட்சை எழுதியது

பைரவியை மூன்றாம் இடத்தில் வைத்தேன். ஏன்? அதுதான் ரஜினி தனி நாயகனாக நடித்த முதல் தமிழ்ப் படம். கலைஞானம் தயாரித்தார், எம்.பாஸ்கர் இயக்கினார். சென்னை விநியோகத்தை எடுத்த தாணுதான் போஸ்டரில் 'சூப்பர் ஸ்டார்' என்று போட்டார். பிளாசா தியேட்டரில் 35 அடி கட்அவுட் வைத்தார். இதையெல்லாம் படித்துவிட்டு "ஆஹா, சரித்திரம்!" என்று மூன்றாவது இடம் கொடுத்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் நான் படத்துக்கு மார்க் போடவில்லை. போஸ்டருக்குப் போட்டிருக்கிறேன். ரஜினி பின்னால் என்னவாக ஆனார் என்று எனக்குத் தெரியும். 1978 இல் டிக்கெட் எடுத்தவனுக்குத் தெரியாது. அவன் பார்த்த ரஜினி, முந்தின வருஷம் 16 வயதினிலே படத்தில் பரட்டையாக வந்து மயிலைக் கேலி செய்த ஆள். அதே 1978 இல் இளமை ஊஞ்சலாடுகிறது படத்தில் கமலுக்கு அடுத்த இடம். அவள் அப்படித்தான் படத்தில் விபூதியும் வைத்துக்கொண்டு, குடித்துக்கொண்டு, பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசும் தியாகு. பைரவியில் அவர் மூக்கையன். எஜமான விசுவாசம் உள்ள ஆள், அண்ணன் தங்கை கதை. நல்ல படம்தான். மறுபடி பார்த்தேன். ஆனால் எனக்குப் பிடித்த பத்துக்குள் அது வருமா என்று கையை நெஞ்சில் வைத்துக் கேட்டால்... வராது.

மதுரையை மீட்ட சுந்தரபாண்டியனும் இதே கேஸ்தான். கடைசிப் படம் என்பதால் உள்ளே வந்தது. ஒரு படம் சரித்திரத்தில் முக்கியமாக இருப்பது வேறு, எனக்குப் பிடிப்பது வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் வரவு வைத்தது என் தவறு.

இரண்டாம் தவறு: காலண்டர்

இதைச் சுட்டிக்காட்டியது என் அத்தை. அப்பாவின் அக்கா. சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். 1978 இல் அத்தைக்குப் பதினாறு வயது. பொங்கலுக்கு வந்திருந்தபோது பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"இதுல பாதிப் படம் நாங்க எழுபத்தொம்பதுலதானப்பா பார்த்தோம்."

"அத்தே, ரிலீஸ் ஆனது எழுபத்தெட்டு."

"உங்க மெட்ராசுக்கு எழுபத்தெட்டு. எங்க கொட்டகைக்கு வரணும்ல?"

எனக்கு இது தோன்றவே இல்லை. அன்றைக்கு ஒரு படத்துக்கு அச்சடிக்கும் பிரிண்ட் எண்ணி எடுக்கிற அளவுதான். முதலில் பெரிய ஊர், அங்கே ஓடி முடித்த பிறகு சின்ன டவுன், அதற்கும் பிறகுதான் டூரிங் டாக்கீஸ். மழையில் நனைந்த மாதிரி கோடு கோடாக இருக்கும் பிரிண்ட்தான் கிராமத்துக்கு வரும். சாயங்காலம் பக்திப் பாட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள் என்றால் படம் ஆரம்பிக்கப் போகிறது என்று அர்த்தம். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்வார்களாம். முன்னால் உட்கார்ந்தவன் உயரமாகக் குவித்துவிட்டால் பின்னால் இருந்து சண்டை. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. "நாலு இடைவேளை, நாலு தடவ முறுக்கு" என்று அத்தை சிரித்தார்.

கிழக்கே போகும் ரயிலை அத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறார். ராதிகாவுக்கு அது முதல் படம். சாதியில் பிரிக்கப்பட்ட காதலர்கள், ரயிலின் கடைசிப் பெட்டியில் செய்தி எழுதிப் பேசிக்கொள்வார்கள். ஊர் நன்மை என்ற பெயரில் ஒரு பெண்ணை ஊரே சேர்ந்து அவமானப்படுத்தத் துணிகிற முடிவு. நான் அதை ஆறாம் இடத்தில் வைத்ததற்குக் காரணம், பாஞ்சாலியும் பரஞ்சோதியும் எனக்குக் கொஞ்சம் பழசாகத் தெரிந்ததுதான். அத்தைக்கு அது பழசில்லை. "அந்தக் கடைசி ஓட்டம் இருக்கே, கொட்டகையில பொம்பளைக எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டோம்" என்றார். ஓடுகிற பெண் ரயிலைப் பிடித்துவிடுவாளா என்பது அவர்களுக்குக் கதை இல்லை. அவர்கள் ஊரிலும் ரயில் தண்டவாளம் உண்டு, அவர்கள் ஊரிலும் அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் உண்டு.

"அவள் அப்படித்தான் பார்த்தீங்களா அத்தே?"

"அது எங்க கொட்டகைக்கு வரவே இல்லப்பா. பேரே இப்பத்தான் கேக்குறேன்."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. "ஓடவில்லை" என்று பென்சிலில் எழுதினேனே... அத்தை மாதிரி ஆயிரக்கணக்கான பேருக்கு அந்தப் படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் வாய்ப்பே வரவில்லை. வராத படத்தை எப்படி நிராகரிக்க முடியும்?

மூன்றாம் தவறு: வாராக்கடன்

அவள் அப்படித்தான் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் அதைத்தான் நான் அதிகம் அவமதித்திருக்கிறேன்.

ருத்ரய்யா அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்தவர். முதல் படம் இது. எழுத்தில் அவரோடு அனந்துவும், சோமசுந்தரேஸ்வரும் (பின்னால் கே.ராஜேஷ்வர் என்று இயக்குநரானவர்). ஒளிப்பதிவு நல்லுசாமி, ஞானசேகரன். இசை இளையராஜா. கமல், ரஜினி இருவரும் நடித்திருந்தும் கதை அவர்களுடையது இல்லை. விளம்பர கம்பெனியில் வேலை பார்க்கும் மஞ்சுவுடையது. ஸ்ரீப்ரியா. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் அருணாகக் கமல். அந்த கம்பெனியின் முதலாளி தியாகுவாக ரஜினி.

படத்தில் இரண்டு ஆண்களுமே மஞ்சுவைப் புரிந்துகொள்ள முயற்சி செய்கிறார்கள். ஒருவன் அவளைக் கேவலமாகப் புரிந்துகொள்கிறான், இன்னொருவன் மரியாதையாகப் புரிந்துகொள்கிறான். இரண்டுமே அவள் இல்லை. முதல் தடவை பார்த்தபோது நான் அருண் பக்கம் இருந்தேன். "இவ்வளவு நல்லவனை ஏன் இந்தப் பெண் இப்படி அலைக்கழிக்கிறாள்?" என்று எரிச்சல். கடைசியில் அருண் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறான். பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று மஞ்சு அந்தப் புதுப்பெண்ணிடம் கேட்கிறாள். அவள் தனக்கு அதெல்லாம் தெரியாது என்கிறாள். பெண்களைப் பற்றி ஊரெல்லாம் கேள்வி கேட்டு ஆவணப்படம் எடுத்தவன், கேள்வியே இல்லாத ஒருத்தியைத் தேடிப்பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறான். இந்த இடம் எனக்கு இரண்டாம் தடவைதான் உறைத்தது. குழப்பம் மஞ்சுவிடம் இல்லை. அருணிடம் இருந்தது, என்னிடமும் இருந்தது.

வெளியானபோது படம் வியாபாரத்தில் தோற்றது. ருத்ரய்யா 1980 இல் கிராமத்து அத்தியாயம் என்ற இரண்டாவது படத்தை எடுத்தார். அதுவும் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் இயக்கிய படம் ஒன்றுகூட வெளிவரவில்லை. 2014 நவம்பரில் இறந்துபோனார். நடுவில் முப்பத்து நான்கு வருஷம். அந்த வருஷங்களில் அவள் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய படமாக ஆனது. தமிழின் சிறந்த படங்கள் என்று யார் எழுதினாலும் அதில் ஒரு இடம் அதற்கு உண்டு.

வணிகவியல் மாணவன் என்பதால் எனக்கு வாராக்கடன் ஞாபகம் வருகிறது. ஒருவரிடமிருந்து பணம் வராது என்று முடிவு செய்து போக்கெழுதிவிடுகிறோம். அவர் கணக்கு முடிந்தது. சில வருஷம் கழித்து அந்தப் பணம் வந்துவிடுகிறது. அதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது? பரீட்சையில் பாதிப் பேர் தப்பு செய்கிற இடம் இது. அந்த ஆளின் பழைய கணக்கில் வைக்கக் கூடாது. 'வாராக்கடன் வசூலானது' என்று இந்த வருஷ லாபத்தில் சேர்க்கவேண்டும்.

அதேதான் நடந்திருக்கிறது. 1978 இல் போக்கெழுதிய படம் பின்னால் வசூலானது. ஆனால் லாபம் ருத்ரய்யாவின் கணக்குக்குப் போகவில்லை. "எங்க தமிழ்ல இப்படி ஒரு படம் அப்பவே வந்திருக்கு தெரியுமா" என்று பெருமை பேசும் நம் கணக்கில்தான் சேர்ந்தது. அவருக்கு மூன்றாவது படம் கிடைக்கவில்லை.

முள்ளும் மலருமும் இதே விதிக்கு ரொம்பப் பக்கத்தில் போய்த் திரும்பிய படம்தான். உமாசந்திரன் எழுதிய நாவலில் இருந்து கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மகேந்திரன் தன் திரைக்கதையை எழுதினார். அதுவரை அவர் தங்கப்பதக்கம் மாதிரி வசனத்துக்குப் பேர் போன ஆள். அந்த நம்பிக்கையில்தான் தயாரிப்பாளர் வேணு செட்டியார் அவருக்கு முதல் படம் கொடுத்தார். ரஜினியை நாயகனாகப் போட அவருக்கு விருப்பமில்லை. மகேந்திரன் பிடிவாதமாக நின்றார். முடித்த படத்தைப் பார்த்தால் வசனமே குறைச்சல். தயாரிப்பாளருக்கு அதிர்ச்சி. செந்தாழம் பூவில் பாட்டுக்கு முன்னால் வரவேண்டிய காட்சிக்குப் பணம் தர மறுத்தபோது, படத்தில் நடிக்காத கமல் தன் செலவில் எடுக்க உதவினார் என்று மகேந்திரனே எழுதியிருக்கிறார். பாலு மகேந்திராவை அவருக்கு அறிமுகம் செய்ததும் கமல்தான். முதல் வாரங்களில் கூட்டமில்லை. பிறகு பார்த்தவர்கள் சொல்லி, சொன்னவர்கள் கேட்டு, நூறு நாள் ஓடியது.

அந்தச் சில வாரங்களுக்குள் தியேட்டர்காரர்கள் படத்தைத் தூக்கியிருந்தால்? உதிரிப்பூக்கள் வந்திருக்குமா? மகேந்திரனும் இன்னொரு ருத்ரய்யாவாக ஆகியிருப்பார். "ஓடியது", "ஓடவில்லை" என்பது படத்தின் குணம் என்று நினைத்து மார்க் போட்டிருந்தேன். அதில் தியேட்டர், பிரிண்ட், போஸ்டர், தீபாவளிக் கூட்டம், ஒரு நண்பனின் பணம் எல்லாம் சேர்ந்திருக்கிறது.

நான்காம் தவறு: இதை எழுதக் கொஞ்சம் தயக்கம்

முதலிடத்தில் முள்ளும் மலரும். இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மின் நிலையத்தில் விஞ்ச் ஓட்டும் காளி. அவனுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே சொத்து தங்கை வள்ளி. புதிதாக வரும் இன்ஜினியர் குமரனை அவனுக்குப் பிடிக்கவில்லை. அந்த குமரனுக்கு வள்ளியைப் பிடிக்கிறது. கடைசியில் காளியை மீறிக் கல்யாணம் நடக்கப்போகும் நேரத்தில், எல்லாரையும் விட்டுவிட்டு வள்ளி அண்ணனிடமே ஓடி வருகிறாள். அந்தப் பெருமையில் காளி நிறைந்து போய், அவளை அவனே குமரனிடம் அனுப்பி வைக்கிறான். இந்த சார் எனக்கு இன்னும் பிடிக்கவில்லைதான் என்று சொல்லிக்கொண்டே. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். என்னை விட இரண்டு வயது சின்னவள். பிளஸ் டூ முடித்தபோது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு சீட் கிடைத்தது. அப்பா யோசித்தார். என்னைக் கேட்டார். "எதுக்குப்பா அவ்வளவு தூரம், இங்கயே சேர்த்துவிடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். பாசம்தான், சத்தியமாகப் பாசம்தான். அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளூரிலேயே சேர்ந்தாள்.

இந்தக் கட்டுரைக்காக முள்ளும் மலரும் மறுபடி பார்த்தபோது அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சி முடிந்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்.

"ண்ணே, அவ திரும்பி ஓடி வரலன்னா காளி ஒத்துக்கிட்டிருப்பானா?"

"வந்துட்டாள்ல?"

"வரலன்னா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை.

அதற்கு அடுத்த நாள்தான் நிழல் நிஜமாகிறது பார்த்தேன். என் பழைய பட்டியலில் இல்லாத படம், பார்த்திராத படம். 1969 இல் வந்த அடிமகள் என்ற மலையாளப் படத்தை வைத்து கே.பாலசந்தர் 1978 இல் எடுத்தது. இதிலும் ஷோபா, இதிலும் சரத்பாபு. முள்ளும் மலரும் படத்தில் கண்ணியமான இன்ஜினியராக வந்த அதே சரத்பாபு இங்கே வீட்டு வேலைக்கு வந்த பெண்ணைக் கர்ப்பமாக்கிவிட்டு, தெரியாத மாதிரி நிற்கும் கோழை. அந்தப் பெண்தான் ஷோபா. ஊரே ஒதுக்கும்போது அவளுக்குத் துணையாக நிற்பவன் காது சரியாகக் கேட்காத வேலைக்காரன் காசி. கடைசியில் மனம் மாறி வருகிறார் சரத்பாபு. மற்ற படமாக இருந்தால் அவள் காலில் விழுந்து அழுது ஏற்றுக்கொண்டிருப்பாள். இவள் வேண்டாம் என்கிறாள். காசியோடு போகிறாள்.

ஒரே வருஷம், ஒரே நடிகை, ஒரே நடிகர். ஒரு படத்தில் ஷோபா திரும்பி வருகிறாள், அதனால் சம்மதம் கிடைக்கிறது. இன்னொரு படத்தில் திரும்பி வராமல் போகிறாள், யார் சம்மதமும் அவளுக்குத் தேவைப்படவில்லை. இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் என் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் பாதியாவது கிடைக்கும். நான் இத்தனை நாள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன்.

ஷோபாவுக்கு அப்போது பதினைந்து வயது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1962 செப்டம்பரில் பிறந்தவர். 1979 இல் வந்த பசி படத்துக்குத் தேசிய விருது வாங்கி, 1980 மே 1 அன்று பதினேழு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தையும் 1962 தான். அத்தையின் நரைமுடியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்தக் கணக்கு வருகிறது.

இதே கண்ணோடு சிகப்பு ரோஜாக்கள் பார்த்தபோது அது இரண்டாம் இடத்திலிருந்து தானாகவே இறங்கிவிட்டது. தொழில்நுட்பத்தில் இன்றும் மிரட்டும் படம். நிவாஸின் கேமரா, ராஜாவின் பின்னணி இசை, அந்தக் கறுப்புப் பூனை... 1980 இல் ஹிந்திக்குப் போய் ராஜேஷ் கன்னாவோடு ரெட் ரோஸ் ஆனது. ஆனால் கொலைகாரன் ஏன் அப்படி ஆனான் என்பதற்குப் படம் காட்டும் காரணங்கள் எல்லாமே பெண்கள்தான். சின்ன வயதில் ஒருத்தி பொய் சொன்னாள், இன்னொருத்தி துரோகம் செய்தாள். அவனுக்கு ஒரு முன்கதை இருக்கிறது. தோட்டத்தில் புதைக்கப்பட்ட பெண்களுக்கு அது இல்லை. பிளஸ் டூ முடித்த வயதில் அது எனக்கு உறுத்தவே இல்லை.

சரிக்கட்டிய பட்டியல்

1. முள்ளும் மலரும்
2. அவள் அப்படித்தான்
3. நிழல் நிஜமாகிறது
4. கிழக்கே போகும் ரயில்
5. தப்புத் தாளங்கள்
6. இளமை ஊஞ்சலாடுகிறது
7. சிகப்பு ரோஜாக்கள்
8. ப்ரியா
9. தியாகம்
10. (காலி)

தப்புத் தாளங்கள் இரண்டு படி ஏறியதற்குக் காரணம் சரிதா. திருந்தி வாழ நினைக்கும் ரௌடிக்கும் பாலியல் தொழில் செய்த பெண்ணுக்கும் இந்த ஊர் இடம் தருமா என்று கேட்டுவிட்டு, தராது என்று பொய்யில்லாமல் சொன்ன படம். ப்ரியா இறங்கினாலும் வெளியே போகாது. சிங்கப்பூரும், சுஜாதாவின் கணேஷாக ரஜினியும், ஸ்டீரியோவில் பதிவான அந்த யேசுதாஸ் பாடல்களும் ஹெட்போனில் இன்றும் சுகம் :-)

பத்தாம் இடம் ஏன் காலி? ஐயக்கடனுக்கு ஒதுக்கு வைப்பது போல இது நான் பார்க்காத படங்களுக்கான ஒதுக்கு. முதல் பட்டியல் போட்டபோது 1978 இல் வந்த படங்களில் நான் பார்த்திருந்தவை மொத்தம் பதினான்குதான். பதினான்கில் பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு "சிறந்த பத்து" என்று தலைப்பு வைத்தவனுக்கு புள்ளியியல் பேப்பரில் எப்படி பாஸ் போட்டார்கள் என்று தெரியவில்லை. பிரிண்டே கிடைக்காத படங்களும் அந்த வருஷத்தில் இருக்கும். அதில் ஒன்று அத்தைக்கு ரொம்பப் பிடித்ததாகக்கூட இருக்கலாம்.

முதலிடத்தை ஏன் மாற்றவில்லை என்று தங்கச்சி கேட்டாள். மாற்றத்தான் நினைத்தேன். ஆனால் மகேந்திரன் காளியை நல்லவன் என்று எங்கேயும் சொல்லவில்லை என்பதை இந்தத் தடவைதான் கவனித்தேன். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்து, லாரி ஏறிக் கையை இழந்த பிறகும் அவன் திமிர் குறையவில்லை. தங்கைக்காக எதையும் செய்வான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் மாட்டான். படம் அதை மறைக்காமல் காட்டுகிறது. நான்தான் அழுகைக்கு நடுவில் பார்க்காமல் விட்டேன். என்னை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படத்தை எப்படி இறக்குவது?

"நீ சொல்றது சமாளிப்பு. எனக்கு நிழல் நிஜமாகிறதுதான் ஒண்ணு" என்றாள். அவள் பட்டியல் அவளுக்கு.

அவள் இப்போது கடைசி வருஷம். எம்.எஸ்சிக்கு விண்ணப்பம் போடுகிறாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. நேற்று அவளாக வந்து, "ண்ணே, ஆன்லைன்ல பணம் கட்டணும், உன் கார்டு குடு" என்றாள். கொடுத்தேன். மூன்று கல்லூரிக்குக் கட்டினாள். ஒன்றுகூட எங்கள் ஊர் இல்லை. எனக்கு அதில் ஒரு ஊர் இன்னும் பிடிக்கவில்லைதான்...